ஆர்மோனியம் ஆற்றோடு இறங்கிய நாள்

எங்கள் எஸ்டேட்டுக்குக் கீழே ஓடிய தண்ணீரை ஆறு என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். கோயமுத்தூரிலிருந்து வரும் மாமன்மார், "இதுங்களா ஆறு? எங்கூரு வாய்க்கால்லயே இதவிடத் தண்ணி வருமே" என்று கேலி செய்வார்கள். கட்டபெட்டுக்கு அந்தப் பக்கத்துச் சரிவுகளில் ஊறி, இரண்டு மலைகளுக்கு நடுவே அவசரமே இல்லாமல் இறங்கும் தண்ணீர் அது. அதன் கரையோடு ஒற்றையடிப் பாதை ஒன்று ஆறு மைல் போகும். ஐந்து வயதுப் பிள்ளையும் அழாமல் நடக்கக்கூடிய இறக்கம். அந்த ஆறு மைலுக்குள் மூன்று கிறிஸ்தவக் கோவில்கள் இருந்தன. மேலே துரைமார்களின் கல் கோவில். நடுவில், எல்லாவற்றையும்விடப் பழையது, கத்தோலிக்கர்களான ஆர்.சி.காரர்களின் சின்னக் கோவில். கடைசியில், ஆறு கொஞ்சம் அகலமாகும் இடத்தில், எங்கள் தமிழ்ச் சபையின் ஓட்டுக் கோவில்.

அப்பா எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலைப் பதம் பார்க்கும் டீமேக்கர். வாரத்தில் ஆறு நாள் இயந்திரச் சத்தத்துக்குள்ளேயே இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் உட்கார மாட்டார். "நடந்துட்டு வரலாம் வாங்க" என்று எங்களைக் கிளப்பிவிடுவார். நாங்கள் என்றால் அம்மா, ஒன்பது வயதான நான், ஐந்து வயதுத் தம்பி. கீழ்க் கோவிலுக்கு மாதம் ஒரு தடவை போய்விட்டுத் திரும்பும்போது, அம்மா மட்டும், "ஏறும்போதுதான் இந்த ஆறு மைலு பன்னெண்டாவுது" என்று சொல்வாள். மற்றபடி அம்மா அதிகம் பேசுகிறவள் அல்ல.

அந்த வருஷம் மே மாதம் துரைமார் கோவிலுக்குச் சீமையிலிருந்து புது ஆர்கன் வந்தது. பழைய ஆர்மோனியத்தைக் கீழ்ச் சபைக்கே கொடுத்துவிடுவது என்று பெரிய துரைசாணி முடிவு செய்தார். காலால் மிதித்து, நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும் பெரிய ஆர்மோனியம். வண்டிப் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போகும். மாட்டுவண்டியில் ஏற்றினால் குலுங்கிக் குலுங்கி ஊர் போய்ச் சேருவதற்குள் சுருதியெல்லாம் கொட்டிப்போகும் என்றார்கள். அதனால் ஆட்கள் தூக்கிக்கொண்டு ஆற்றோரமாகவே இறங்குவது என்று ஏற்பாடானது. மேற்பார்வைக்கு அப்பா தானாகவே முன்வந்தார். கூடவே எங்களையும் கிளப்பினார். வழியில் சாப்பிடப் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டியாயிற்று.

துரைமார் கோவிலுக்குள் நாங்கள் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. காப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில் கட்டியதாம். வெளியே கல்லறைகளில் வயது பொறித்திருந்தது. இருபத்து மூன்று, இருபத்தாறு என்று நான் படிக்கப் படிக்க, "இவ்ளோ சின்னப் பசங்களா!" என்று அம்மா நின்று நின்று வந்தாள். உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். முழங்காலிட வைத்திருந்த சிவப்பு மெத்தை ஒன்றின் மேல் தம்பி ஏறி உட்கார்ந்துவிட்டான். அப்பா பதறிப்போய் அவனைத் தூக்கினார். துரைசாணி சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். பிறகு ஆர்மோனியத்தைத் தட்டிக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில், "கீழே யார் வாசிக்கும்?" என்று கேட்டார். கீழ்ச் சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியார் அதற்காகவே மேலே ஏறி வந்திருந்தார். கைகட்டி முன்னே வந்து, "நானுங்கம்மா. பலகைல சுண்ணாம்பால கட்டை கட்டையா வரைஞ்சு மூணு வாரமாப் பழகறேனுங்க" என்றார். துரைசாணிக்கு அது எவ்வளவு புரிந்ததோ, "வெரி குட்" என்றார். அம்மா ஆர்மோனியத்தின் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு ஆட்கள், இரண்டு மூங்கில்கள். ஆர்மோனியத்தைக் கம்பளியில் சுற்றிக் கட்டித் தோளில் ஏற்றினார்கள். அவர்களுக்குத் தலைவரான மேஸ்திரி கேலிக்காரர். "பொண்ணு கனமாத்தான் இருக்குது. மாப்பிள்ளை ஊட்ல நல்லாச் சோறு போடோணும்" என்றார். அதன்பின் வழிநெடுகிலும் அது 'பொண்ணு' தான். பொண்ணுக்கு வெயில் படுகிறது, பொண்ணுக்கு வழி விடுங்கள் என்று ஒரே சிரிப்பு. தேயிலைச் சரிவைத் தாண்டிப் புல்வெளியில் இறங்கினோம். தம்பியும் நானும் தவிட்டுப்பழம் பறித்து வாயெல்லாம் நீலமாக்கிக்கொண்டோம். அப்பா எல்லோருக்கும் முன்னால் கைத்தடியால் பாதையைத் தட்டிக்கொண்டு போனார். அம்மா மட்டும் ஆர்மோனியத்துக்குப் பின்னாலேயே நடந்தாள். "சாயாமப் பாத்துக்கங்க", "கீழ வெக்கறப்ப மெதுவா" என்று இரண்டு மூன்று தடவை அவள் சொன்னது எனக்கு விநோதமாக இருந்தது.

பாதை ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாலம் கிடையாது, கற்கள்தான். முன்னால் போன ஆள் பாசியில் கால் வைத்துவிட்டார். ஒரு பக்கம் சரிந்து, ஆர்மோனியத்தின் ஒரு மூலை சளக்கென்று தண்ணீரில் இறங்கியது. அப்பா ஓடிப்போய் இடுப்பளவு தண்ணீரில் நின்று தோள் கொடுத்தார். கரையேற்றி வைத்தபோது உபதேசியாரின் முகத்தில் ரத்தமே இல்லை. "போச்சுங்க. நூறு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. நான் போயி என்னன்னு சொல்லுவேன்?" என்று தலையில் கைவைத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா கம்பளியை அவிழ்த்தாள். மூடியைத் திறந்தாள். முந்தானையால் மரத்தை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். பின்பக்கம் குனிந்து கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "துருத்தி நனையலைங்க. சத்தம் வர்ற ரீடுக்குந் தண்ணி ஏறல. வெளி மரந்தான் நனைஞ்சிருக்குது" என்றாள். பிறகு ஒரு பாறை மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் மிதியில் வைத்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கோவிலில் பாடும் கீர்த்தனை ஒன்று அந்தப் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

முதலில் மெதுவாக, தடவித் தடவி. இரண்டாவது அடியில் கைகள் வழி கண்டுபிடித்துவிட்டன. சமையல் செய்யும், பாத்திரம் விளக்கும், என் தலையில் எண்ணெய் தேய்க்கும் கைகள். அவை இப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது. 

பாட்டு முடிந்ததும் அப்பாதான் முதலில் பேசினார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம் புள்ள, உனக்கு இது தெரியுமா?"

"மிசன் ஸ்கூல்ல இருந்தப்ப ரெண்டு வருசம் நாந்தானுங்க ஜெபத்துக்கு வாசிச்சேன்."

"கல்யாணம் ஆகிப் பத்து வருசமாச்சு. ஒரு வார்த்த சொல்லலியே?"

"ஊட்ல ஆர்மோனியமா இருந்துச்சு, சொல்றதுக்கு? நீங்களும் கேக்கலீங்களே."

மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். ஆனால் அம்மா இரண்டாவது பாட்டைத் தொடங்கியபோது ஒரு கட்டை உள்ளே போனது வெளியே வரவில்லை. மிதிக்க மிதிக்க அந்த ஒரே ஸ்வரம் மட்டும் 'ம்ம்ம்மே' என்று விடாமல் கத்தியது. எதிர்க்கரையில் மேய்ந்த எருமைக் கன்று ஒன்று தலையைத் தூக்கி, அதே சுருதியில் பதில் கொடுத்தது. தம்பி புல்லில் விழுந்து புரண்டு சிரித்தான். மேட்டுக் காட்டில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த படுகர் வீட்டுப் பெண்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் வயதான ஒரு அம்மாள் சுட்ட கிழங்கு ஒரு கூடை கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார். புளிச்சோற்றில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தோம். கன்று மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு எழுந்து ஒரு மைல் போவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மே மாத மழை சொல்லாமல் வரும். பக்கத்தில் ஒதுங்க இருந்த ஒரே இடம் ஆர்.சி. கோவில்தான். எங்கள் உபதேசியார் அதன் வாசலில் நின்றுவிட்டார். "நம்ம சபைப் பொருளை அவங்க கோவிலுக்குள்ள எப்புடிங்க வெக்கிறது? நாளைக்குப் பாதிரி ஐயர் கேட்டா?" என்று இழுத்தார். முதல் துளி விழுந்தது. "மழைகிட்ட எந்தச் சபைன்னு கேட்டுச் சொல்லட்டுங்களா?" என்றார் மேஸ்திரி. அடுத்த நிமிஷம் எல்லோரும் உள்ளே இருந்தோம். உபதேசியார்தான் முதல் ஆள்.

அந்தக் கோவிலின் குருவான வயதான தமிழ்ச் சாமியார் ஒருவர் அங்கே இருந்தார். எதுவும் கேட்காமல் ஆர்மோனியத்தைத் துடைக்கத் தன் மேல்துண்டை எடுத்துக் கொடுத்தார். முழங்கையை நீட்டினால் சுவரில் முட்டும் அளவுக்குச் சின்னக் கோவில். மண்ணும் கல்லும் சேர்த்துக் கட்டிய கனத்த சுவர். மழைச் சத்தம் உள்ளே மெத்தென்று கேட்டது. கட்டை சிக்கிய கதையை அப்பா சொன்னதும் சாமியார் போய் ஒரு மெல்லிய கத்தியும் மெழுகுவத்தியும் கொண்டுவந்தார். அவர் வெளிச்சம் பிடிக்க, அம்மா கட்டைகளுக்கு நடுவே கத்தியை விட்டு நெம்பினாள். உள்ளேயிருந்து ஒரு நீளமான ஊசி வந்தது. தலையில் முத்து வைத்த, துரைசாணிமார் தொப்பியில் குத்தும் ஊசி. எந்தக் காலத்தில் எந்த அம்மாள் குனிந்தபோது விழுந்ததோ, பெட்டிக்குள்ளேயே கிடந்து, ஆற்றில் சரிந்தபோது உருண்டு வந்து கட்டைக்கு அடியில் மாட்டியிருக்கிறது.

"வாசிச்சுப் பாருங்கம்மா, சரியாயிடுச்சான்னு தெரியோணுமில்ல?" என்றார் சாமியார். அம்மா உபதேசியாரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். இரண்டு சபைக்கும் பொதுவாக ஒரு பாட்டை யோசித்து எடுத்து அம்மா வாசித்தாள். சாமியார் கண்ணை மூடிக்கொண்டு, சன்னமான குரலில் கூடவே பாடினார். மூன்றாவது அடியில் உபதேசியாரும் சேர்ந்துகொண்டார். மழை விட்டும் நாங்கள் கொஞ்ச நேரம் கிளம்பவில்லை.

மீதி இரண்டு மைலில் அப்பா முன்னால் போகவில்லை. தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னாலேயே வந்தார். "வேற என்னென்ன தெரியும் உனக்கு?" என்று ஒரு தடவை கேட்டார். "நீச்சல் தெரியாது. அதை நீங்களே பாத்துக்குங்க" என்று அம்மா திரும்பாமலே சொன்னாள். அப்பாவின் நனைந்த வேட்டியைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.

கீழ்க் கோவிலில் மதியத்திலிருந்து காத்திருந்த சனம், எங்கள் தலை தெரிந்ததும் மணியை அடித்துவிட்டது. ஆர்மோனியத்தைப் பீடத்துக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். எல்லோரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். பலகையில் மூன்று வாரம் பழகியவர். அவர் நாற்காலியைத் துடைத்தார். ஒரு நிமிஷம் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீங்க உக்காருங்கம்மா. எம் பலகைல எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு."

அம்மா மறுத்தாள். அவர் விடவில்லை. கடைசியில் அவள் உட்கார்ந்து, பதற்றத்தில் மிக வேகமாக வாசித்துவிட்டாள். அதுவரை தாளக்கட்டையை நம்பி நிதானமாக இழுத்துப் பாடிப் பழகிய சபை, பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தது. அம்மா ஆமென் வாசித்து நிமிர்ந்தபோது பின்வரிசைக் கிழவர்கள் இன்னும் கடைசி அடியில் இருந்தார்கள். கோவிலே சிரித்தது. அம்மாவும், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். இரண்டாவது பாட்டில் எல்லோரும் ஒன்றாகவே முடித்தார்கள்.

அன்றிரவு உபதேசியார் வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் மேலே ஏறினோம். திங்கட்கிழமைக்கு அப்பா லீவு சொல்லியிருந்தார். கிளம்பும்போதே சபைப் பெரியவர்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டார்கள், ஞாயிறுதோறும் வர முடியுமா என்று. "அவங்களக் கேட்டுத்தானுங்க சொல்லோணும்" என்று அம்மா அப்பாவைக் காட்டினாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவ நடந்தா நான் நடக்கறேனுங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு நான் கண் விழித்தபோது அம்மா குளித்து, தலை வாரி, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். சோறு கட்டியாகியிருந்தது. அப்பா இன்னும் போர்வைக்குள் இருந்தார்.

"ஏனுங்க, எந்திரிங்க" என்று அம்மா வெளியே இருந்தே கூப்பிட்டாள். "பாதி மலை வெளுத்துப்போச்சு. நடக்கலாம் வாங்க."