குகதாசனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ

எங்கள் பக்கத்தில் ஆண் குடித்தால் ஊரே அவனுக்காகக் கவலைப்படும். விழுந்து கிடந்தால் தூக்கிவந்து வீட்டில் கிடத்தும். பெண் குடித்தாலோ, அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று சாதிக்கும். மாங்குளத்தில் ஜெயரூபி இப்படித்தான் எட்டு வருடம் ஊருக்குத் தெரியாமல் குடித்தாள்.

நாற்பத்தொரு வயது. ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. கணவன் குகதாசன் இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், போரின் கடைசி நாட்களில், சனக்கூட்டத்துக்குள் கையை விட்டுப் போனவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவர்களிடமெல்லாம் முடியாது என்றுவிட்டாள். தேநீரைத் தவிர வேறொன்றையும் வாயில் வைத்தறியாத மனிதர் அவர். அவருடைய படத்துக்கு அவள் மாலை போட்டதில்லை.

நித்திரை வரவேண்டும் என்று தொடங்கிய கசிப்பு என்ற கள்ளச்சாராயம், பிறகு காலையில் கை நடுங்காமல் நூல் கோர்ப்பதற்கும் வேண்டியதாயிற்று. உயர்தரம் படிக்கும் மகள் யதுர்ஷிகா தை மாதம் புத்தகங்களோடு செட்டிகுளத்துப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "குடியை விட்டாப்பிறகு சொல்லுங்கோ அம்மா, வாறன்," என்றாள்.

ஒருநாள் தையல் ஊசி ஜெயரூபியின் நகத்துக்குள்ளால் இறங்கியது. மருந்து கட்டிய தாதிக்கு வாடை பிடிபட்டது. ஒன்றும் கேட்காமல் ஒரு துண்டில் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள். "குடியை விட்டவை ஞாயிற்றுக்கிழமையிலை கூடுறவை. எடுத்துக் கதையுங்கோ."

ஒன்பது நாள் அந்தத் துண்டு அவளுடைய கைப்பையில் கிடந்தது. பத்தாம் நாள் எடுத்தாள். மறுமுனையில் செல்வநாயகம், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், குடியை விட்டுப் பதினொரு வருடம். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியே, "அவருக்கு என்ன வயசு, தங்கச்சி?"

எனக்காகத்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். "நாப்பத்தி நாலு," என்றாள். குகதாசன் இருந்தால் அதுதான் வயது.

கூட்டம் ஒரு முன்பள்ளியில் நடந்தது. பதினான்கு ஆண்கள் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அரிசி வாளிக்குள் போத்தலை ஒளித்ததை ஒருவர் சொன்னார். காலையில் செய்யும் சத்தியம் பின்னேரம் வரை தாங்காததை இன்னொருவர் சொன்னார். எல்லாம் அவளுடைய கதை. அவளோ ஒரு குடிகாரனின் மனைவியாக இருந்து தலையாட்டினாள். அவர் எப்படி என்று கேட்டபோது, "பின்னேரத்திலைதான் கூட. ஆனா அடிக்கமாட்டார்," என்றாள். அந்தப் பழியையாவது அவர்மேல் போடாமல் விட்டாள். பாவி.

ஒவ்வொரு முறையும் செல்வநாயகம் வாசல் வரை வந்து, "அடுத்தமுறை அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்பார். அவள் வீட்டுக்கு வந்து குகதாசனின் படத்திடம் மன்னிப்புக் கேட்பாள். என்றாலும் அந்தக் கதைகள் வேலை செய்தன. முதல் கிழமை இரண்டு நாள் குடிக்காமல் இருந்தாள், மூன்றாம் கிழமை ஐந்து நாள். மகளுக்குத் தொலைபேசி எடுத்து, "வாற ஞாயிறு பின்னேரம் வந்து பார்," என்றாள்.

அந்த மூன்றாம் கூட்டத்தில்தான் செல்வநாயகம், "அவர் வரமாட்டார் எண்டால் நாங்கள் வீட்டை வாறம். ஆம்பிளையள் கதைச்சால் கேப்பார்," என்றார். வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டாள். நான்காம் ஞாயிறு பயத்தில் கூட்டத்துக்கே போகவில்லை. வீட்டில் தனியே இருந்தாள். மத்தியானத்துக்குள் போத்தல் வந்துவிட்டது.

பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு யதுர்ஷிகா வந்தாள். குசினிக்குள், அடுப்படியில், ஜெயரூபி அவசர அவசரமாக வாய் கொப்பளித்தாள். அதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. அவள் கூட்டத்துக்கு வராததைக் கண்டு, புருசன் ஏதும் செய்துவிட்டானோ என்று செல்வநாயகம் தேடி வந்திருந்தார்.

"பிள்ளை, அப்பா நிக்கிறாரோ?"

பதினாறு வருடமாக யாரும் யதுர்ஷிகாவிடம் அப்படிக் கேட்டதில்லை. கையிலிருந்த பை நழுவி விழுந்தது.

"அப்பாவோ? எங்கடை அப்பா குகதாசனோ? நீங்கள் அவரை எங்கை கண்டனீங்கள்?" ஓடிப்போய் அந்த மனிதரின் சட்டையைப் பிடித்துவிட்டாள். "உயிரோடை இருக்கிறாரோ?"

செல்வநாயகம் திகைத்தார். "இருக்கிறார்தானே, பிள்ளை. அம்மா கிழமைக்குக் கிழமை வந்து அவரின்ரை கதைதானே சொல்லுறவா."

"அம்மா!" என்று கத்திக்கொண்டு திரும்பினாள் யதுர்ஷிகா. "அப்பா வந்திட்டாரோ?"

அந்த முகத்துக்குப் பதில் சொல்லும் நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. ஜெயரூபி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர் வரேல்லை பிள்ளை," என்றாள். பிறகு செல்வநாயகத்தைப் பார்த்தாள். "அவர் ஒருநாளும் குடிச்சதில்லை, அண்ணை. குடிக்கிறது நான். இப்பவும் குடிச்சிருக்கிறன்."

யதுர்ஷிகா அழவில்லை. உள்ளே போய்ச் சுவரிலிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி, பாவாடையால் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

"இவரை நான் கொண்டுபோறன். நீங்கள் விட்டாப்பிறகு வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

ஜெயரூபி நிலத்தில் குந்தி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மகள் பேருந்துத் தரிப்பிடம் நோக்கிப் போனபிறகும் செல்வநாயகம் போகவில்லை.

"ஞாயிறு மூண்டு மணிக்கு, தங்கச்சி," என்றார் கடைசியில். "இனி நீங்கள் மட்டும் வந்தால் போதும்."