கொடுத்தவர் பெயர்

பட்டினப்பாக்கத்தில் ஆஷாவுக்கு டாக்டரம்மா என்று பேர். ஆறு வருஷம் படித்தது என்னவோ மருந்தாளுநர் படிப்புதான். அதை எடுத்துச் சொல்லி ஊர் வாயை மூட அவளுக்கு மனசு வரவில்லை, கூப்பிட்டால் இனிக்கத்தானே செய்யும்! முட்டி வலி என்று மீன் விற்கும் பச்சையம்மா அத்தை வந்து நின்றபோது, வாரம் ஓர் அட்டை மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். எட்டு மாசம் கொடுத்தாள்.

அப்புறம் அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி சேர்ந்தாள். முன்னெல்லாம் அங்கே மருந்தாளுநர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று சீட்டுக்கு மாத்திரை கொடுப்பதோடு சரி. இப்போது படிப்பு முடிந்தும் ஒரு வருஷம் வார்டிலேயே பயிற்சி. டாக்டர்களோடு ரவுண்டு போகணும். வீட்டில் என்ன மாத்திரை சாப்பிட்டார், யார் கொடுத்தது என்று நோயாளியிடம் கேட்டு எழுதணும். அந்தத் தாளை நம்பித்தான் வைத்தியமே.

மூன்றாம் வாரம், எட்டாம் பெட்டில் பச்சையம்மா. முகம் வீங்கி, கிட்னி கெட்டுப்போய்க் கிடந்தாள். பயிற்சி கொடுக்கும் ஜுவேரியா மேடம் பக்கத்திலேயே நின்றார்.

"வீட்ல ஏதாவது மாத்திரை சாப்பிடுவீங்களாம்மா?" முன்பின் தெரியாதவளைக் கேட்பது போல ஆஷா கேட்டாள்.

அத்தை அவளைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். "ஒண்ணியும் இல்லமா."

'இல்லை' என்று எழுதி ஆஷா கையெழுத்துப் போட்டாள். சீச்சீ, அந்த நிமிஷம் அவளுக்கு வந்தது நிம்மதி! வீட்டுக்குப் போய் அதை நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ரவுண்டில் டாக்டர் தாளைப் பார்த்தார். "மருந்து எதுவும் இல்ல. அப்போ கிட்னியில ஊசி விட்டு சதை எடுத்துப் பாத்துடலாம்."

ஆஷா முன்னால் வந்தாள். "வேணாம் சார். அந்தத் தாள் பொய். எட்டு மாசமா முட்டி வலி மாத்திரை சாப்பிட்டாங்க, கிட்னியைக் கெடுக்கிற மாத்திரை. நான்தான் கொடுத்தேன். தெரிஞ்சேதான் எழுதலை."

பச்சையம்மா பதறி எழுந்தாள். "பொண்ணு இன்னாவோ உளறுது டாக்டர். நானே கடையில வாங்கித் துன்னேன். அதைத் திட்டாதீங்க."

ஆஷாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டர் ஊசியை ரத்து செய்தார். மேடம் புதுத் தாளை நீட்டினார். 'கொடுத்தவர்' என்ற கட்டத்தில் ஆஷா தன் பேரை எழுதினாள்.

"நானே வாங்கினேன்னுதானே எழுதினே?" பச்சையம்மா மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல அத்தை" என்றாள் ஆஷா. அந்த வார்டில் அவளை அத்தை என்று கூப்பிட்டது அப்போதுதான்.