நடுப்பாலத்தில் இறக்காத பாடை

வேலண்ணன் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கைப்பிடிச் சுவரை ஒட்டியே நடப்பார். மழைத் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளைச் செருப்பு முனையால் கிளறிவிட்டுத்தான் மேலே போவார். கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிப் போனாலும் அப்படித்தான். எங்கள் வீடு பாலத்தை ஒட்டி இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டு வருஷக்கணக்காக இதைப் பார்த்திருக்கிறேன்.

அவர் ரோட்டு வேலை செய்யும் கேங்கில் கூலி. நொய்யலிலிருந்து குளத்துக்குப் போகும் வாய்க்காலின் மேல் இருக்கிறது இந்தப் பாலம். முன்பு இங்கே தரைப்பாலம்தான். வாய்க்காலில் வெள்ளம் வந்தால் பிணம்கூட இக்கரையில் காத்துக் கிடக்கும், சுடுகாடு அக்கரையில். பிறகு உயரமாக இந்தப் பாலத்தைக் கட்டினார்கள். வேலண்ணனின் அப்பா பாலுசாமி அதற்குக் கலவை சுமந்தவர்.

பாலம் வந்ததும் ஒரு வழக்கமும் வந்தது. பாடையை நடுப்பாலத்தில் இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்புவார்கள். பெண்கள் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். அங்கே பிய்த்துப்போட்ட மாலையும் இறைத்த பொரியும் அடுத்த மழையில் துளைகளை அடைத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீர் தளத்துக்குள் இறங்கி, அடியில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது.

தொண்ணூற்று நாலில் பார்க்க வந்த என்ஜினியர், இப்படியே தண்ணீர் நின்றால் பஸ்ஸை நிறுத்த வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் நின்றால் மாசாணியக்காவின் வியாபாரமும் நின்றுவிடும். வேலண்ணனின் மனைவி அவர். மார்க்கெட்டில் காய் எடுத்து, கூடையைப் பஸ்ஸில் ஏற்றி வந்து தெருவில் விற்பார். முட்டி தேய்ந்துபோய், நாலு வீடு நடந்தால் உட்கார்ந்துவிடுவார்.

வேலண்ணன் வீடு வீடாகப் போய்க் கேட்டார்.

"ஏனுங்க, பாலத்துக்கு இந்தப் பக்கமே எறக்கித் திருப்பிக்கலாமுங்க. வேப்பமரத்து நெழலும் இருக்குதுங்க."

"பொணத்துக்கு எதுக்குப்பா நெழலு?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"தாத்தங் காலத்து வழக்கமப்பா, மாத்தப்படாது" என்றார் நாச்சியம்மாள். பாலம் கட்டும்போது அவருக்கே கல்யாணம் ஆகியிருந்தது.

அந்த ஐப்பசியில் பாலுசாமி இறந்தார். கொள்ளிச்சட்டியோடு வேலண்ணன் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். பாலம் தொடங்கும் இடத்தில் அவர் நின்றுவிட்டார்.

"இங்கயே எறக்குங்க."

அவருடைய சித்தப்பா அரங்கசாமி பாடையின் முன்பக்கத்தைச் சுமந்துகொண்டிருந்தார்.

"ஏண்டா, எங்கண்ணன் தலைல சொமந்து கட்டுன பாலம்டா இது. அவனுக்கே எடமில்லையா?"

"எடம் இருக்குதுங்க சித்தப்பா. இப்படியே போனா பஸ்ஸுக்குத்தான் இருக்காதுங்க."

"ஓகோ! பொண்டாட்டி பஸ்ஸுல போகோணும்னு அப்பன ரோட்டோரத்துல எறக்கறயாக்கும்?"

சட்டியின் புகை கண்ணில் அடித்துக்கொண்டே இருந்தது. வேலண்ணன் நகரவில்லை. தோள் வலித்தவர்கள் கடைசியில் அங்கேயே இறக்கினார்கள்.

அவருடைய அக்கா ரங்கம்மாள் அப்பாவின் மேல் விழுந்து அழுதார். எழுந்தபோது தம்பியின் முகத்தைப் பார்த்து, "இனி எம்பட ஊட்டு வாசப்படிய மிதிச்சுப்போடாத" என்று சொல்லிவிட்டு எங்களோடு திரும்பினார்.

பெற்ற தகப்பனையே இக்கரையில் இறக்கினால் மற்றவர்களும் இறக்குவார்கள் என்று வேலண்ணன் நம்பியிருந்தார். மார்கழியில் ஒரு சாவு விழுந்தது. அந்தப் பாடை நிற்காமல் நடுப்பாலத்துக்குப் போனது. வேப்பமரத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று பார்த்தார்கள்.

"மாமனாரையும் அங்கயே எறக்கியிருக்கலாமுங்க" என்றார் மாசாணியக்கா.

"எறக்கியிருக்கலாம்" என்றார் அவர்.

இரண்டு மழைக்காலம் கழித்துப் பாலத்தின் இரு முனையிலும் இரும்புத் தூண் நட்டார்கள். இப்போது பஸ் சுற்றிப் போகிறது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும்தான் பாலத்தில் போகின்றன. மாசாணியக்கா அக்கரையில் இறங்கிக் கூடையைச் சுமந்து, உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறார். பாதி நாள் வருவதில்லை. ரங்கம்மாள் தம்பியோடு பேசுவதில்லை. பாடைகளை நடுப்பாலத்தில்தான் இறக்குகிறார்கள்.