எரிமலைக்குப் போற படலை

சைக்கிள் கூட்டத்துக்கு வழிகாட்டுறதெண்டா முன்னுக்குப் போறதெண்டுதான் சனம் நினைக்குது; என்ர வேலை பின்னுக்குப் போறது. ஆர் விழுந்தாலும் நான்தான் தூக்கவேணும், ஆற்ற ரயர் காத்துப் போனாலும் நான்தான் ஒட்டவேணும், ஆர் அழுதாலும் "இன்னும் கொஞ்சத் தூரம்தான்" எண்டு நான்தான் பொய் சொல்லவேணும். கலியாண வீட்டில கடைசிப் பந்திக்குக் காத்திருந்து சொதி மட்டும் கிடைச்ச ஆக்களே, ஒப்பீசில மற்றவை குடிச்ச கோப்பையளைக் கழுவுற ஆக்களே, என்ர கதை உங்களுக்குத்தான் விளங்கும்.

நான் இருக்கிறது வெரிபீயில. அங்கயிருந்து மேற்க, கோலாக்கையும் தாண்டிப் போனா, ஒரு காலத்தில நெருப்புக் கக்கிப்போட்டு இப்ப புல்லு முளைச்சுக் கிடக்கிற எரிமலையள் இருக்கு. அதில ஒண்டின்ர விளிம்பைச் சுத்தித்தான் எங்கட பாதை. முன்னுக்குப் போறவன் சரவணன், கிரெய்கிபர்னில இருக்கிற மதுரைக்காரன். பாதை முழுக்கக் கொலின் எண்ட ஒரு வெள்ளைக்காரச் செம்மறிப் பண்ணைக்காரற்ற காணிக்குள்ளால போகுது. எழுத்தில ஒண்டுமில்லை, எல்லாம் அந்த மனிசன்ர வாய்ச்சொல்லு. அவர் "இல்லை" எண்டா பாதையில்லை. பாதையில்லை எண்டா எனக்கும் சரவணனுக்கும் வேலையில்லை. இதை மனசில வச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

நெருப்பு எங்கே?

எரிமலை எண்ட சொல்லுத்தான் எங்களுக்கு முதல் எதிரி. ஒரு குடும்பம் கிரான்பர்னில இருந்து விடியவெள்ளண வெளிக்கிட்டு வந்தது. தாய் வழி முழுக்கப் பிள்ளையளுக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறா, சிவப்பாக் கொதிக்குமாம், கிட்டப் போகக்கூடாதாம். கருங்கல்லுப் பாதையில ஏறேக்க அவவின்ர சைக்கிளையும் சேத்துத் தள்ளினது நான். ஒரு கையில என்ர சைக்கிள், மற்றக் கையில அவவின்ர சைக்கிள், இடுப்பு நாரி முறிஞ்சு போச்சு.

மேல போய்ப் பாத்தா, கீழ வட்டமா ஒரு தண்ணி, சுத்திவர மஞ்சள் புல்லு, நாலு வாத்து. பிள்ளையள் "Is that it?" எண்டு கேட்டுப்போட்டு ஃபோனை எடுத்திட்டுதுகள். இதுதான் எரிமலையின்ர வாய், ஆறி அடங்கிப் போச்சு, இப்ப மழைத்தண்ணி நிண்டு குளமாயிருக்கு எண்டு நான் மூச்சு வாங்கி வாங்கி விளங்கப்படுத்தினன். அவ என்னை மேலயும் கீழயும் பாத்தா. "தம்பி, ஒரு குளத்தைப் பாக்கவோ இவ்வளவு தூரம் ஏத்தினனீர்? குளம் எங்கட வீட்டுக்குப் பின்னாலயே இருக்கு."

புட்டும் கருங்கல்லும்

எங்கட ஆக்களுக்கு வெளியில போறதெண்டாச் சாப்பாடு முக்கியம், அதில பிழையில்லை. ஆனா ஏற முதல் சாப்பிடாதேங்கோ, இறங்கிப்போட்டுச் சாப்பிடுங்கோ எண்டு நான் தொண்டை கிழியக் கத்துறனான். ஆர் கேக்கினம்? ஒரு கூட்டாளிக் கூட்டம் வானைத் திறந்து, புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் ஒரு பிடி பிடிச்சாப் பிறகுதான் சைக்கிளைத் தொட்டது.

கருங்கல்லுக்கு மேலால சைக்கிள் போனா வயிறு என்ன பாடுபடும் எண்டு சொல்லத் தேவையில்லை. பாதி வழியில ஒருத்தர் இறங்கி மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். சாந்தில்லாமல் கல்லை அடுக்கிக் கட்டின பழைய மதில், அதுவும் சேந்து ஆடுது. நான் அவற்ற தலையைப் பிடிச்சன், தண்ணி குடுத்தன், சப்பாத்தைக் கழுவினன். அவரை ஒருமாதிரி மேல கொண்டுபோய்ச் சேத்துப்போட்டு இந்தக் கோதாரியையெல்லாம் சரவணனிட்டச் சொல்ல வாயெடுத்தன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, நான் பாட்டுக்கு முன்னாடி போயிட்டு இருக்கேன். பின்னாடி என்ன நடந்தாலும் எங்கிட்டச் சொல்லாதீங்க."

கொலின்ர ஒரேயொரு சட்டம்

கொலின் கன கதைக்கிற ஆளில்லை. ஆறடி மனிசன், வெயிலுக்கு நிறம் மங்கின தொப்பி. எங்களிட்ட அவர் கேட்டது ஒண்டே ஒண்டு: வேலியில இருக்கிற படலைக் கதவு திறந்திருந்தாத் திறந்தபடி விடவேணும், பூட்டியிருந்தாப் பூட்டினபடி விடவேணும். கோடையில செம்மறியளுக்குப் புல்லு மேல, எரிமலைப் பள்ளத்துக்குள்ள. அங்க நிக்கிற குளத்துத் தண்ணி ஒரே உப்பு, ஆடு வாய் வையாது. தண்ணித்தொட்டி கீழ, நாங்கள் வான் நிப்பாட்டுற வெளியில, கொட்டிலுக்குப் பின்னால. இரண்டுக்கும் நடுவில ஒரு படலை. அது திறந்து கிடந்தாத்தான் அதுகளுக்குத் தண்ணி. ஒவ்வொரு காலமையும் இதைச் சனத்துக்குச் சொல்லிப்போட்டுத்தான் நான் ஹெல்மெட்டே போடுறது. சனமும் வெயிலுக்கு முகத்தில கிறீம் பூசிக்கொண்டு தலையாட்டும்.

அந்தச் சனிக்கிழமை கொலின் தானே வான் வரைக்கும் வந்தார். அவற்ற மனுசிக்கு ஜீலோங் ஆஸ்பத்திரியில ஒப்பரேசன், சில நாள் அங்கதான் நிக்கப்போறாராம். முகம் சரியில்லை. உங்களுக்கு ஏதும் உதவி வேணுமோ எண்டு கேட்டன். அவர் இங்கிலிசில சொன்னது எங்கட பாசையில இதுதான்: "ஆடுகள் தங்கட பாட்டில இறங்கிக் குடிக்கும். உதவி ஒண்டும் வேண்டாம், படலையை மட்டும் ஒருத்தரும் தொடாமல் பாத்துக்கொள்ளுங்கோ."

ஒரு முறைப்பாடும் இல்லாத மனிசன்

அண்டைக்கு வந்த கூட்டத்தில தேவராசா அங்கிள் எண்டு ஒருத்தர். மகன்ர ஒப்பீஸ் ஆக்களோட வந்தவர், இளைப்பாறின மனிசன். மகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார், தகப்பன் சறத்தை மடிச்சுக் கட்டின ஆள் மாதிரிக் காற்சட்டையைச் சுருட்டிப்போட்டு உழக்குறார். விழேல்லை, புறுபுறுக்கேல்லை, நெருப்பு எங்க எண்டு கேக்கேல்லை. இறங்கி வரேக்க விழுந்த பெட்டை ஒண்டின்ர முழங்காலுக்குத் தன்ர லேஞ்சியைக் கட்டிவிட்டவர். இப்பிடி ஒருத்தர் வந்தாப் போதும், இந்த வேலையில நான் சாகுமட்டும் இருப்பன் எண்டு அண்டைக்கு நினைச்சன், உண்மையா.

படலையைக் கடைசியாக் கடந்தது நான்தான். திறந்து கிடந்தது, திறந்தபடியே விட்டன். வானடியில எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினன். அங்கிள் "ஒருக்கால் ஒதுங்கிப்போட்டு வாறன்" எண்டு போனவர், வந்தவர், ஏறினவர். அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு வந்தது நெருப்பு வெயில். வெரிபீயில நாங்கள் கதவு யன்னல் எல்லாம் சாத்திப்போட்டு வீட்டுக்குள்ள அவிஞ்சம். வியாழக்கிழமை அங்கிள் ஃபோன் எடுத்தார். நன்றி சொன்னார், படம் அனுப்பச் சொன்னார், அடுத்தமுறை எப்ப எண்டு கேட்டார். வைக்கப்போற நேரம் ஒண்டு சொன்னார். "இன்னொண்டு தம்பி, எங்கட ஆக்கள் படலையைத் திறந்தபடி விட்டிட்டு வந்திட்டினம். மனிசன்ர ஆடெல்லே, பாவம். நான் ஒதுங்கப் போகேக்க வடிவாச் சாத்திக் கொழுக்கியும் போட்டிட்டுத்தான் வந்தனான்."

தொட்டிக்கு மற்றப் பக்கம்

கொலின் ஃபோன் எடுக்கேல்லை. நான் வானை எடுத்துக்கொண்டு பறந்தன். வழியில தெரிஞ்ச சாமியெல்லாத்தையும் கூப்பிட்டன். வேதக்காரச் சிநேகிதனுக்கு ஃபோன் எடுத்து, உங்கட அந்தோனியாரிட்டயும் ஒருக்கால் கேளடா எண்டும் சொன்னன்.

படலை திறந்திருந்தது. கொலின் அண்டைக்குக் காலமைதான் வந்து திறந்து விட்டவராம். உயிரோட இருந்த ஆடுகள் தொட்டியைச் சுத்தி நிண்டுதுகள். மிச்சம் படலையடியில, வேலியோட வேலியாக் கிடந்துதுகள், எல்லாற்ற முகமும் தண்ணிப் பக்கம். எனக்கு அழுகை வந்திட்டுது, வெக்கப்படாமல் அழுதன். கொலின் முன்னங்காலைப் பிடிச்சார், நான் பின்னங்காலைப் பிடிச்சன், ஒவ்வொண்டாத் தூக்கி ட்ரெய்லரில ஏத்தினம். இங்கயும் பின்னுக்கு நிண்டு தூக்கிறது நான்தான் எண்டு ஒரு விசர் நினைப்பு வந்துது. ஆர் சாத்தினது, ஏன் சாத்தினது எண்டு ஏத்தி முடிய நானே சொன்னன். அவர் தொப்பியைக் கழட்டி நெத்தியைத் துடைச்சார். "மனுசி ஃபோனில முதல் கேக்கிறதே ஆடுகளைத்தான். நல்லா நிக்குது எண்டு சொல்லிப்போட்டன்."

சாத்தின கை

அங்கிளுக்குச் சொல்லுறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை. சரவணன் "வேணாம்ணே, மனுசன் உடைஞ்சு போயிடுவாரு" எண்டான். ஆனா அங்கிள் திருப்பித் திருப்பி ஃபோன் எடுத்து அடுத்த பயணத்தைக் கேக்கிறார். மறைக்க ஏலாமல் சொன்னன். அங்கிள் உடனே, "என்னை அங்க கூட்டிக்கொண்டு போம்" எண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மினுக்கின வெள்ளைச் சேட்டோட வந்தார். கொலின் படலையடியில நிண்டார். அங்கிள் பழக்கத்தில படலையில கையை வச்சார், வச்ச கையைச் சூடு பட்ட மாதிரி எடுத்தார். "ஐயா, எங்கட ஊரில திறந்து கிடக்கிற படலையைச் சாத்தாமல் போறவனை மனிசனெண்டு சொல்லமாட்டினம். நான் நல்லதெண்டுதான் நினைச்சனான்" எண்டார். நான் அதைக் கொலினுக்கு இங்கிலிசில சொன்னன்.

கொலின் அந்தக் கொழுக்கியைப் பாத்தார். இனி இந்தக் காணிக்குள்ள சைக்கிள் வேண்டாம், தனக்கு இனி நித்திரை வராது எண்டு என்னிட்ட மெதுவாச் சொன்னார். பேந்து அங்கிளின்ர தோளில கை வச்சார். "இத்தனை வருசமாப் படலையைத் திறந்து விட்டிட்டுப் போனவங்களோட சண்டை பிடிச்சிருக்கிறன், சாத்திப்போட்டுப் போனவருக்கு என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

இப்ப எங்கட பாதை எரிமலையைத் தூரத்தில காட்டிக்கொண்டு தார் றோட்டால போகுது, வாற சனமும் அரைவாசியாப் போச்சு, வழியில ஒரு படலைகூட இல்லை, எண்டாலும் எல்லாரும் கடந்தாப் பிறகு நான் ஒருக்கால் நிண்டு திரும்பிப் பாத்துப்போட்டுத்தான் உழக்குறன்.