மாடசாமி ஊசி போட்டவன் இல்ல

மாடசாமி போயிட்டான். இன்னைக்கு விடியக்காலம், ஹார்ட் அட்டாக்.

எப்போதும்வென்றான் ஊர்க்காரன். ஆடு மேய்க்கிற வீட்டுல பொறந்து, சைக்கிள் ரேஸ்ல ஸ்டேட் கோல்டு வாங்கி, ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைக்குப் போனவன். என் தீவனக் கடைக்குப் புண்ணாக்கு வாங்க வந்து, அப்படியே சிநேகம்.

காலையில ஒரு வாட்ஸ்அப் குரூப்ல, அந்தக் காலத்துல ரேஸ்ல ஜெயிக்கப் போட்ட ஊக்கமருந்து ஊசி இப்ப வேலையைக் காட்டிருச்சுன்னு ஒருத்தர் போட்டிருந்தாரு. அதுக்காகத்தான் இதை எழுதுதேன்.

அவன் ஊசி போட்டவன் இல்ல. போட்டிருந்தா அந்தக் கோல்டுக்கு முந்தின ரேஸ்ல எல்லாம் மூணாவது, நாலாவதுன்னு வந்திருக்க மாட்டான்.

கோல்டு வாங்கின அன்னைக்கு நானும் கூடப் போயிருந்தேன். மருந்து டெஸ்ட் எடுக்க ஆளுக வந்திருக்காவன்னு ஸ்டார்ட்டுக்கு முன்னாடி பேச்சு பரவிருச்சு... ஒருத்தனுக்கு வயித்துவலி, ஒருத்தனுக்கு டயர் பஞ்சர். எப்பவும் ஜெயிக்கிற செல்வம், சைக்கிளை வேன்ல ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டான்.

மிச்சம் இருந்த கொஞ்சப் பேர்ல மாடசாமி முதல்ல வந்தான். டெஸ்ட்டும் கொடுத்தான். ஒண்ணும் இல்லன்னுதான் ரிசல்ட்.

எனக்கு வியாபாரப் புத்தி... அவன் போட்டோவைப் போட்டு கடைக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கலாம்னேன்.

"ஓடிப்போனவனுக போட்டோவைப் போடுங்க அண்ணாச்சி. அவனுகளாலதான ஜெயிச்சேன்"ன்னான்.

சிரிச்சுக்கிட்டுதான் சொன்னான். ஆனா அது அவனை விடல. அவனுகளும் ஊசி இல்லாம வந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேனான்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கான். நான் என்னத்தச் சொல்ல... பருத்திக்கொட்டையில கலப்படம்னா கையில அள்ளினதும் சொல்லிருவேன். இது நம்ம சரக்கு இல்ல.

போன வருஷம் செல்வம் ஒரு கல்யாணத்துக்கு இங்கன வந்தான். மாடசாமி விடல. ரெண்டு பேருக்கும் தொப்பை... ஆளுக்கொரு சைக்கிளை இரவல் வாங்கிக்கிட்டு, கடம்பூர் வரைக்கும் போட்டி. நான் பைக்குல பின்னாடி.

செல்வம்தான் ஜெயிச்சான். கொஞ்ச நஞ்சம் இல்ல, ரொம்ப தூரம்.

மாடசாமி முகம் வாடிரும்னு நினைச்சேன். போளிக்கடை முன்னால மூச்சு வாங்க நின்னு, செல்வத்தையே பாத்தான்.

"காலுல இம்புட்டு வலு இருந்திருக்கே உனக்கு... பெறகு எதுக்குலே ஊசி?"

செல்வம் கையில இருந்த போளியை மடிச்சுக்கிட்டே இருந்தான்.

இன்னைக்குச் சாயங்காலம் எடுக்காங்க. போன் பண்ணினேன்... செல்வம் பஸ் ஏறிட்டானாம்.

நல்லாத்தான் மிதிச்சே, மாடசாமி.