ஒரு குழந்தைக்கு இரண்டு கையெழுத்து

காந்திமதி டெல்லியில் எங்கள் மயூர் விஹார் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்காரர். வயது நாற்பத்தேழு. திருநெல்வேலிப் பேச்சு இன்னும் விடவில்லை. காலை எட்டேகாலுக்கு மெட்ரோ ஏறி, நடுவில் வண்டி மாறி, வசந்த் விஹாரில் இருக்கும் ஒரு தூதரகத்துக்கு வேலைக்குப் போவார். பத்தொன்பது வருஷமாக அதே வேலை.

தூதரகம் என்றதும் பெரிய மதில்களையும் வரிசை வரிசையாகக் கார்களையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது சிறிய நாடு. பெயரை எழுத வேண்டாம் என்று காந்திமதி கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். வாடகைக்கு எடுத்த மாடி வீடு, வாசலில் கொடிக்கம்பம், ஒரு நாவல் மரம். உள்ளே மொத்தம் நான்கு பேர். தூதர், அவருக்குக் கீழே ஒரு செயலர், வண்டி ஓட்டவும் கேட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஆரிப், எழுத்து வேலை எல்லாவற்றுக்கும் காந்திமதி. விசா விண்ணப்பம், தொலைந்த பாஸ்போர்ட், இறந்துபோனவரின் உடலை ஊருக்கு அனுப்பும் காகிதம் என்று எதுவானாலும் அவர் தட்டச்சு செய்து மேலே அனுப்புவார், கையெழுத்தாகி வரும். அந்த நாட்டுக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆனால் அதன் மாவட்டங்களை வரிசையாகச் சொல்வார்.

போன வருஷம் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதிபர் எங்கே என்று தெரியவில்லை. தூதர் எல்லோரையும் கூப்பிட்டு, "ஒன்றும் மாறவில்லை. நான் சட்டப்படியான அரசின் பிரதிநிதி. வேலையைப் பாருங்கள்" என்றார்.

பத்தாம் நாள் செயலருக்குத் தலைநகரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தூதர் பதவி நீக்கப்பட்டார், இனி செயலரே பொறுப்புத் தலைவர் என்று எழுதியிருந்தது. செயலர் அதை அச்செடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தூதர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "என்னை நீக்க அதிகாரம் இல்லாதவர்கள் நீக்கியிருக்கிறார்கள். அதனால் நான் நீங்கவில்லை."

அன்றிலிருந்து தூதரகம் இரண்டானது. மாடியில் தூதர், கீழே செயலர். கூடத்தில் மாட்டியிருந்த அதிபர் படத்தைச் செயலர் கழற்றி வைப்பார். மாலையில் தூதர் இறங்கும்போது அதை எடுத்து மறுபடியும் மாட்டிவிட்டுப் போவார். முத்திரை அடிக்கும் இயந்திரம் மாடியில் பூட்டியிருந்தது. தலைநகரோடு பேசும் கணினியின் கடவுச்சொல் செயலரிடம் இருந்தது. காந்திமதியின் மேஜை மாடிப்படிக்கு நேர் கீழே. ஒருவர் ஒரு கடிதத்தை அனுப்பச் சொல்வார், அதே கடிதத்தை அனுப்பக் கூடாது என்பார் மற்றவர். இரண்டு பேருக்கும் அவர் "யெஸ் சார்" சொன்னார்.

ராத்திரி சாப்பாட்டில் இதைச் சொன்னபோது கணவர் கோபாலன் சிரித்தார். அவர் மத்திய அரசு அலுவலகத்தில் பிரிவு அதிகாரி. "ரெண்டு மேலதிகாரியா? எங்க ஆபீஸ்ல நாலு பேர் இருக்காவ."

மகள் ஜ்யோத்ஸ்னா சிரிக்கவில்லை. அவள் சட்டக் கல்லூரியில் நாலாம் வருஷம். டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. "அம்மா, ஸ்டேட் அலக், கவர்ன்மென்ட் அலக், ரெண்டும் வேற வேற. ஸ்டேட்னா நாடு, அது அப்படியேதான் இருக்கு. கவர்ன்மென்ட்தான் மாறிடுச்சு. யாருக்கு நாட்டு மேல கன்ட்ரோல் இருக்கோ அவங்கதான் கவர்ன்மென்ட்."

"அப்போ செயலர் சொல்லுதத கேக்கணுமா?"

"நஹீ நஹீ. இந்தியா யாரை ஏத்துக்குதோ அவங்கதான் இங்க அம்பாசடர்."

"இந்தியா யார ஏத்துக்கிட்டு?"

"அது பாலிடிக்ஸ்ம்மா. அதுக்கு சட்டம் கிடையாது."

"உலகம் பூரா ஒரே சட்டம்னு நீதான ஏட்டி சொன்ன?"

"சட்டம் ஒண்ணுதான். சொல்ற ஆளுதான் இல்ல," என்றாள் ஜ்யோத்ஸ்னா. சொன்னது அவளுக்கே திருப்தியாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் கொடுக்கப் போன இடத்தில் காந்திமதி நேராகவே கேட்டுவிட்டார். அந்த மேஜையில் இருந்த ஜகந்நாதன் தமிழர், கும்பகோணத்துக்காரர், வருஷக்கணக்காகப் பழக்கம்.

"சார், எங்க தூதர் யாரு? மாடியில இருக்கவரா, கீழ இருக்கவரா?"

ஜகந்நாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், நாங்க நாட்டை அங்கீகரிச்சிருக்கோம். அரசாங்கங்களைப் பத்தி நாங்க பொதுவா வாயைத் திறக்கறதில்லை. எங்க பட்டியல்ல பழைய தூதர் பேர் இருக்கு. நேத்திக்கு உங்க செயலர் போட்ட லெட்டரையும் வாங்கிண்டோம்."

"அப்போ ரெண்டு பேருமேவா?"

"அப்படி நான் சொல்லலையே."

"ரெண்டு பேருமே இல்லியா?"

"அப்படியும் சொல்லலை. டீ சாப்பிடறேளா?"

ஆகஸ்ட் மாதம் இரண்டாம் வாரம் அந்த நாட்டுப் பெண் லேனா தூதரகத்துக்கு வந்தாள். இருபத்தாறு வயது. இதய வால்வுக் கோளாறோடு கர்ப்பமாகி, அவள் நாட்டு மருத்துவர்கள் பயந்து டெல்லிக்கு அனுப்பியிருந்தார்கள். இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. விசா முடிய பதினொரு நாள் இருந்தது. வீட்டில் கணவனும் மூன்று வயது மகனும் காத்திருந்தார்கள். குழந்தைக்கு ஒரு அவசரப் பயணச் சான்று வேண்டும், அவ்வளவுதான். காந்திமதி அந்த மாதிரிச் சான்றுகளை நூற்றுக்கணக்கில் தட்டச்சு செய்திருக்கிறார். பத்து நிமிஷ வேலை.

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் விசாரித்தபோது, தங்கள் பட்டியலில் இருக்கும் தூதரின் கையெழுத்து இருந்தால்தான் குழந்தை வெளியேற அனுமதி கிடைக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தூதர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடத் தயார். செயலர் லேனாவைத் தனியாகக் கூப்பிட்டார். பழைய தூதரின் கையெழுத்தோடு வந்தவர்களை விமான நிலையத்திலேயே நிறுத்தி விசாரிக்கிறார்கள், போன வாரம் ஒரு மாணவனை இன்னும் வீட்டுக்கு விடவில்லை என்று சொன்னார். அவர் மிரட்டியதாகக் காந்திமதிக்குத் தோன்றவில்லை. அவர் முகமே வெளிறியிருந்தது.

ஒரு கையெழுத்து இருந்தால் டெல்லியை விட்டுப் போகலாம், ஊருக்குள் போக முடியாது. மற்றது இருந்தால் ஊருக்குள் போகலாம், டெல்லியை விட்டுக் கிளம்ப முடியாது.

"ஒரே காகிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் என்ன?" என்று காந்திமதி கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. இவர் பக்கத்தில் என் பெயரா என்று மாடியில் சத்தம், கீழேயும் அதே சத்தம். படியில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். யார் யாரைத் தள்ளினார்கள் என்று காந்திமதி பார்க்கவில்லை. தூதர் கைப்பிடியில் மோதி நெற்றியில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். ஆரிப் ஓடிப்போய் அவசர உதவி எண் நூற்றுப் பன்னிரண்டைக் கூப்பிட்டான்.

போலீஸ் ஐந்தே நிமிஷத்தில் வந்தது. வந்து கேட்டுக்கு வெளியே நின்றது.

"உள்ள வாங்க, அவருக்கு அடிபட்டிருக்கு" என்று காந்திமதி இந்தியில் கெஞ்சினார்.

"அந்தர் நஹீ ஆ சக்தே, மேடம்," என்றார் கான்ஸ்டபிள். உள்ளே வர முடியாது, இது வேறு நாடு. தூதர் எழுதிக் கூப்பிட்டால் வரலாம்.

"எந்தத் தூதர்?"

கான்ஸ்டபிள் ஆரிப்பைப் பார்த்தார். ஆரிப் நாவல் மரத்தைப் பார்த்தான். கடைசியில் காந்திமதியே தன் முந்தானையை நனைத்துத் தூதரின் நெற்றியைத் துடைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து, "பத்தொம்பது வருஷமா நான் வேற நாட்டுலயா வேல பாக்கேன்?" என்று கேட்டார்.

"இல்லம்மா, அது இந்தியா மண்ணுதான். போலீஸ் நுழையக் கூடாது, அவ்வளவுதான்," என்றாள் ஜ்யோத்ஸ்னா.

"நம்ம மண்ணுல நம்ம போலீஸு நுழையக் கூடாதா?"

"ஹாங், கூடாது."

காந்திமதி தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் அவர் செய்த காரியத்தைத் தைரியம் என்று சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. வேறு வழி தெரியவில்லை என்கிறார். ஒரே குழந்தைக்கு இரண்டு சான்றுகள் தட்டச்சு செய்தார். ஒன்றைக் காலையில் மாடிக்கு எடுத்துப் போனார். தூதர் கட்டுப் போட்ட நெற்றியோடு கையெழுத்துப் போட்டு, தன் இயந்திரத்தில் முத்திரை அழுத்தினார். இன்னொன்றை மத்தியானம் செயலரிடம் நீட்டினார். அவர் கையெழுத்திட்டு, புது அரசு அனுப்பியிருந்த ரப்பர் முத்திரையைக் குத்தினார். ஒருவருக்கு மற்றது தெரியாது. இரண்டும் வெவ்வேறு எண்கள்.

லேனாவை நாவல் மரத்தடியில் நிறுத்தி இரண்டு உறைகளையும் கொடுத்தார். "இது டெல்லியில் காட்ட. இது உன் ஊரில் இறங்கியதும் காட்ட. மாற்றிக் காட்டிவிடாதே."

லேனா இரண்டையும் பிரித்துப் பார்த்தாள். "இதில் எது நிஜமான காகிதம்?"

"தெரியாதும்மா," என்றார் காந்திமதி. அதை மட்டும் தமிழிலேயே சொல்லிவிட்டார். லேனாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினாள்.

டெல்லியில் அனுமதி கிடைத்தது. விமானமும் ஏறிவிட்டாள். நடுவில் இன்னொரு நாட்டில் விமானம் மாற வேண்டும் என்பது அப்போதுதான் காந்திமதிக்கு உறைத்தது. அந்த நாடு எந்த அரசை ஏற்றுக்கொண்டிருக்கிறது? ஜ்யோத்ஸ்னாவைக் கல்லூரியில் கூப்பிட்டார். அவள் அரை மணி தேடிவிட்டு, "அவங்களும் ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள்.

மாலை வீட்டுக்குத் திரும்பும்போது மெட்ரோவில் லேனாவின் அழைப்பு வந்தது. பின்னால் குழந்தை அழுதது. "ஆன்ட்டி, கேட்கிறார்கள். எதைக் காட்ட?"

காந்திமதி வாயைத் திறந்தார். வண்டி சுரங்கத்துக்குள் போனது, இணைப்பு அறுந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி, நடைமேடைத் தூணில் சாய்ந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. எதைக் காட்டச் சொல்லியிருப்பேன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அங்கே நடந்தது பிறகு லேனா சொல்லித்தான் தெரிந்தது. பதட்டத்தில் அவள் கையிலிருந்து இரண்டு காகிதமும் கீழே விழுந்திருக்கின்றன. அங்கிருந்த அதிகாரி பொறுக்கி மேஜையில் அருகருகே வைத்தார். ஒரே குழந்தை, ஒரே பிறந்த நாள், ஒரே நாடு, இரண்டு தூதர்கள். மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஆறு மணி நேரம் லேனாவை உட்கார வைத்தார்கள். பால்பொடிக்கு வெந்நீர் கொடுத்தார்கள். பிறகு எதிலும் முத்திரை குத்தாமல் இரண்டையும் திருப்பிக் கொடுத்து, அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஊரில் இறங்கியதும் செயலரின் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். தூதரின் காகிதத்தை லேனா குழந்தையின் துணிக்குள் சுருட்டி வைத்திருந்தாள். மறுநாள் காலை ஒரு புகைப்படம் வந்தது. மூன்று வயது அண்ணன் தங்கையை முறைத்துக்கொண்டிருந்தான். காந்திமதி அதைக் கோபாலனிடம் காட்டிவிட்டுச் சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதார்.

செப்டம்பரில் தூதருக்கு வேறொரு நாடு அடைக்கலம் கொடுத்தது. இரண்டு பெட்டிகளோடு கிளம்பினார். போகும்போது காந்திமதியிடம், "நான் தலைமைப் பொறுப்பைக் கைவிடவில்லை, பயணம் போகிறேன்" என்றார். மாடி அறையைச் சுத்தம் செய்யும்போது லேனாவின் குழந்தைக்குத் தூதர் கொடுத்த சான்றின் நகல் செயலர் கையில் கிடைத்தது.

"இது உங்கள் வேலையா?"

"ஆமாம் சார்."

"ஒரு குழந்தையை ஒரே நாட்டுக்கு இரண்டு தடவை குடிமகள் ஆக்கியிருக்கிறீர்கள். இது குற்றமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை." நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். மாலையில் பணிநீக்கக் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் காந்திமதிதான். வேறு ஆள் இல்லை.

ஜ்யோத்ஸ்னாவின் பேராசிரியர் மூலம் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார்கள். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். வெளிநாட்டு அரசு மேல் இங்கே வழக்குப் போட மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்றார். அந்த அரசு எது என்பதை மத்திய அரசு இன்னும் சொல்லவில்லை என்றார். "நீக்கியவருக்கு அதிகாரம் உண்டா என்பதே கேள்வி. இல்லையென்றால் நீங்கள் நீக்கப்படவே இல்லை."

"அப்போ வேலைக்குப் போகலாமா சார்?"

"போகக் கூடாது என்று நான் சொல்ல முடியாது."

திங்கட்கிழமை காந்திமதி வழக்கமான மெட்ரோவில் போனார். ஆரிப் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தான். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். செயலர் பார்த்தும் பேசவில்லை. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை நான்கு மாணவர்கள் பாஸ்போர்ட் நீட்டிப்புக்கு வந்து நின்றார்கள். செயலர் சிறிது நேரம் தானே ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு விண்ணப்பங்களைக் கொண்டுவந்து காந்திமதியின் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சம்பளம் பழையபடி வருகிறது. பணிநீக்கக் கடிதத்தை யாரும் திரும்பப் பெறவில்லை. ஜனவரியில் தம்பி மகள் கல்யாணத்துக்காக ஐந்து நாள் விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தார். செயலர் "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நீக்கப்பட்டவருக்கு எப்படி விடுப்பு என்று நான் கேட்டேன். "அதாங்க எனக்கும் வெளங்கல," என்றார். கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகு அந்த விடுப்புக் காகிதத்தையும் பணிநீக்கக் கடிதத்தையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறார், என்றைக்காவது யாராவது கேட்டால் காட்ட.