பேச்சுக்கு விதியில்லாத ஆட்டம்

இங்கே ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில், பெரியவர்கள்கூட மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேறு ஆட்களாக நடித்து விளையாடுகிறார்கள். ரோல்பிளேயிங் என்று பெயர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். என்னோடு வேலை பார்க்கும் ஆங்கெ நடத்திய ஆட்டத்துக்கு முதன்முதலாகப் போன அன்று, கதையில் ஒரு கோட்டை வாசலில் காவலன் எங்களை மறித்தான். நான் அவனுக்கு எந்த ஊர், சாப்பிட்டானா என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

“பகடையை உருட்டு,” என்றாள் ஆங்கெ.

“இன்னும் பேசி முடிக்கவில்லையே.”

பகடை உருட்டத் தெரியாமல் விழிக்கிறேன் என்று நினைத்து, எனக்காக அவளே உருட்டினாள். அவளுடைய ஆட்டப் புத்தகத்தில் சண்டைக்குப் பக்கம் பக்கமாக விதிகள்; பேச்சுக்கு ஒரே ஓர் உருட்டல். வாள் வீச விரும்புகிறவர்களுக்கு அது நல்ல புத்தகம்தான். நான் மாநில எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் வளர்ந்தவள். அங்கே யாரிடம் தமிழ், யாரிடம் மலையாளம் என்று பார்த்துப் பேசுவதே பாதிப் பயணம்.

விடுமுறையில் அந்தப் புத்தகத்தை ஊருக்கு எடுத்துப் போனேன். நான் ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததிலிருந்து அண்ணன் என்னோடு தேவைக்குமேல் பேசுவதில்லை. அண்ணிதான் அவரை விளையாட உட்கார வைத்தார். காவலன் வந்ததும் அண்ணி அண்ணனிடம், “ஏனுங்க, இவனுக்கு ஒரு பேரு வெக்கலாமுங்களா?” என்று கேட்டார். பெயர் வைத்து, மனைவி மக்களை விசாரித்து, மத்தியானம் முழுக்க வாசலிலேயே கழிந்தது. அதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட உதவவில்லை.

மறுநாள் வேறோர் ஆட்டம் எடுத்தேன். அதில் சண்டையே கிடையாது. ஒன்றாக வழி நடப்பவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்கலாம். கேட்கப்பட்டவர் உண்மையைச் சொல்ல வேண்டும். அண்ணன் வண்டிக்காரர், நான் மலை தாண்டிப் போகிற பெண்.

“அந்தப்பக்கம் போறயே, திரும்பி வருவியா?” என்றார் அண்ணன்.

“ஆட்டத்துலீங்களாண்ணா கேக்கறீங்க?”

“உண்மையச் சொல்லோணும்னு போட்டிருக்குதல்லோ.”

“வந்து வந்து போவேனுங்ண்ணா. தங்க மாட்டேன்.”

அண்ணி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“செரி,” என்றார் அண்ணன். “அங்க மழை எப்படிப் பெய்யும்?”

நான் இருக்கும் நாட்டைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. இருட்டும்வரை பேசினோம்.

லைப்சிக் திரும்பியதும் ஆங்கெ யார் ஜெயித்தது என்று கேட்டாள். ஆட்டம் முடியவில்லை என்றேன். இப்போது தொலைபேசியில் தொடர்கிறோம். என் பாத்திரம் மலைக் கணவாயில் நிற்கிறது. எந்தப் பக்கம் இறங்குவாய் என்று அண்ணனும் கேட்பதில்லை, நானும் இறங்கவில்லை. பின்னால் அவருடைய வண்டி தெரிகிறது. முன்னால், அந்தப்பக்கம், என் வீட்டு விளக்கு தெரிகிறது.